பிரஷ் கட்டர், பவர் வீடர் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்து கார்புரேட்டர் கோளாறைப் பிடிப்பது

மூன்று நான்கு மாதம் மூலையில் கிடந்த பிரஷ் கட்டரை மழை விட்டதும் எடுத்துக் கயிற்றை இழுக்கிறோம். பிடிக்கவில்லை. இல்லையென்றால் பிடித்து இரண்டு நிமிடம் ஓடிவிட்டு அணைகிறது. உடனே கை போவது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரின் ஓரத்தில் தெரியும் ஸ்க்ரூக்களுக்குத்தான். தயவுசெய்து முதலில் அங்கே போகாதீர்கள். போன தடவை நன்றாக ஓடிய மெஷினில் ஸ்க்ரூ தானாகத் திரும்பிக்கொள்வது அபூர்வம். பழைய பெட்ரோல், அடைப்பு, விறைத்துப்போன ரப்பர், காற்றுக் கசிவு ஆகிய நான்கில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஸ்க்ரூவைத் திருகிவிட்டால் பழைய கோளாறோடு புதிதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும். பிறகு எது எதனால் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

மெஷின் எப்போது நிற்கிறது, எப்படி நிற்கிறது, நின்றபின் ஸ்பார்க் பிளக் நனைந்திருக்கிறதா காய்ந்திருக்கிறதா என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. அந்த அறிகுறிகளின் வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் மெஷின் செய்வது எந்தத் தலைப்போடு ஒத்துப்போகிறதோ அங்கே போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

உங்களுடையது எந்த வகை?

கையில் தூக்கியோ தோளில் மாட்டியோ ஓட்டும் மெஷின்களில், அதாவது பிரஷ் கட்டர், செயின் சா, வேலி வெட்டும் ஹெட்ஜ் டிரிம்மர், குழி போடும் எர்த் ஆகர் போன்றவற்றில், டயாபிரம் கார்புரேட்டர் இருக்கும். எப்படிச் சாய்த்தாலும் இவை ஓட வேண்டும் என்பதால் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் இதில் இல்லை. பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதற்குக் கீழே உள்ள அறையான கிராங்க் கேஸில் உண்டாகும் அழுத்த மாற்றம் ஒரு சிறு துளை வழியாக வந்து பம்ப் டயாபிரத்தை ஆட்டுகிறது. அது டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து ஒரு மெல்லிய வலை வழியாக ஊசி வால்வு வரை கொண்டு வருகிறது. எதிர்ப்பக்கத்தில் இருக்கும் மீட்டரிங் டயாபிரம், எஞ்சின் உறிஞ்சும் அளவுக்கேற்ப ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தி அந்த ஊசியைத் திறக்கிறது. இரண்டு ரப்பர் தகடுகளும் ஓர் ஊசியும் சேர்ந்து செய்கிற வேலை இது. தகடு விறைத்தால் எல்லாம் கெட்டது.

தரையில் நிற்கும் அல்லது சக்கரத்தில் உருளும் மெஷின்களில், அதாவது பவர் வீடர், தண்ணீர் பம்ப், தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டி ஆகியவற்றில், ஃப்ளோட் கார்புரேட்டர் இருக்கும். ஹோண்டா ஜிஎக்ஸ்160-ம் அதன் சாயலில் வந்த எஞ்சின்களும் இந்த வகைதான். அடியில் கிண்ணம், அதற்குள் மிதவை, மிதவை ஏறினால் மூடும் ஊசி, கிண்ணத்துக்குள் இறங்கி நிற்கும் மெயின் ஜெட். ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள துண்டு. வேகம் குறைந்த ஓட்டத்துக்குத் தனியாக ஒரு பைலட் ஜெட்.

கார்புரேட்டரைக் கழற்றும் முன்

டேங்கில் இருக்கும் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் தனியாக ஓர் அடுக்கு தெரிந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பெட்ரோலின் காரமான வாடை போய்ப் பழைய வார்னிஷ் வாடை அடித்தால் அது கெட்டுவிட்டது. இப்போது நம் பங்குகளில் வருவது 20% வரை எத்தனால் கலந்த பெட்ரோல். சிறு எஞ்சின்களின் கையேடுகள் பலவற்றில் 10% வரைதான் அனுமதி என்று அச்சிட்டிருப்பார்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; ஓரளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்து தங்கிவிடும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இது இரட்டை ஆபத்து. நீங்கள் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிட, டேங்கின் அடியில் கிடக்கும் ஃபில்டர் ஆயில் இல்லாத கலவையை உறிஞ்சும். மழைக்காலத்தில் பாதி டேங்கோடு மெஷினை வைத்தவர்களுக்கு இதுதான் நடக்கிறது. ஒரு மாதம் தாண்டிய பெட்ரோலை வைத்துக்கொண்டு எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம். புதிதாக ஊற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

டூ ஸ்ட்ரோக் என்றால் ஆயில் அளவு: 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மி.லி., 50-க்கு 1 என்றால் 20 மி.லி. உங்கள் மெஷினுக்கு எது என்பது டேங்க் மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். ஹோண்டா ஜிஎக்ஸ்35 போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரில் பெட்ரோலோடு ஆயில் கலக்கவே கூடாது. அதற்கு ஆயில் தனி அறையில். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் வேலையாட்கள் மாற்றி ஊற்றிவிடுவது உண்டு. கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து பிளக். கழற்றி, நுனி நனைந்திருக்கிறதா காய்ந்திருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு தகவல் பின்னால் எல்லாவற்றுக்கும் வேண்டும். துடைத்து, இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் இரும்பு உடலை எஞ்சினின் உலோகத்தில் தொடவைத்துக் கயிற்றை இழுத்தால் நீலப் பொறி தெரிய வேண்டும். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைத்து இதைச் செய்யாதீர்கள். உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். துளையின் மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டு, எட்ட வைத்துப் பாருங்கள்.

ஏர் ஃபில்டரைக் கழுவுங்கள். டூ ஸ்ட்ரோக் மெஷினில் சைலன்சரையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பல மாடல்களில் புகை வெளியேறும் இடத்தில் சிறு கம்பி வலை இருக்கும். ஆயில் கரி படிந்து அது மூடிப்போனால் மெஷின் ஸ்டார்ட் ஆகும், ஆனால் இழுக்காது. கார்புரேட்டர் கோளாறு என்று கடைக்குப் போகும் மெஷின்களில் இந்த வலை அடைத்தவையும் சேர்ந்தே போகின்றன. வலையைக் கழற்றி, கம்பி பிரஷால் தேய்த்தால் சரியாகும்.

இந்த வேலை எல்லாம் வெளிக் காற்றில், எஞ்சின் ஆறியபின். பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது.

பிடிக்கவே இல்லை, பிளக் காய்ந்திருக்கிறது

பெட்ரோல் எஞ்சினுக்குள் வரவில்லை. உறுதி செய்ய எளிய வழி: பிளக் துளைக்குள் அரைத் தேக்கரண்டி பெட்ரோல் விட்டு, டூ ஸ்ட்ரோக் என்றால் ஆயில் கலந்ததையே விட்டு, பிளக்கை மாட்டி இழுங்கள். இரண்டு மூன்று விநாடி ஓடி அணைந்தால் பொறியும் கம்ப்ரெஷனும் (சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் அழுத்தம்) சரி, பெட்ரோல் வரும் பாதையில்தான் தடை. பொறி இருந்தும் ஒரு வெடிகூட இல்லையென்றால் கம்ப்ரெஷனைச் சந்தேகப்படுங்கள். கயிற்றுப் பிடியைப் பிடித்து மெஷினை அந்தரத்தில் தூக்கினால் அதன் எடைக்கே கயிறு தடையில்லாமல் சரசரவென்று இறங்கினால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் போயிருக்கிறது. அதற்கு கார்புரேட்டரில் மருந்து இல்லை.

டயாபிரம் வகையில், பெட்ரோலை முன்கூட்டி இழுக்க அழுத்துவோமே அந்த ரப்பர் பல்பு, அதுவே பாதி சோதனையைச் செய்து காட்டிவிடும். அது டேங்கிலிருந்து கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோலை இழுத்து, இன்னொரு டியூப் வழியாக டேங்குக்கே திருப்பி அனுப்புகிறது. அழுத்திவிட்டால் எழும்பாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் வரும் பாதையில் அடைப்பு: டேங்குக்குள் கிடக்கும் ஃபில்டர், கார்புரேட்டருக்குள் இருக்கும் வலை, அல்லது ஒட்டிப்போன ஊசி. அழுத்தவே முடியாமல் கல்லாக இருந்தால் திரும்பும் டியூப் அடைத்திருக்கிறது. அழுத்த அழுத்தக் காற்றுக் குமிழியாகவே வந்தால் டியூப்பில் வெடிப்பு, அல்லது டேங்கில் பெட்ரோல் ஃபில்டருக்குக் கீழே இறங்கிவிட்டது. டியூப் வெடிப்பு பெரும்பாலும் டேங்கில் நுழையும் ரப்பர் வாயிலில்தான் இருக்கும். மடக்கிப் பார்த்தால் தெரியும்.

டியூப் மாற்றியபின் வரும் கோளாறு ஒன்று உண்டு. இரண்டையும் இடம் மாற்றி மாட்டிவிடுவது. ஃபில்டர் கட்டிய டியூப் கார்புரேட்டரின் உள்வாயிலுக்கும், ஃபில்டர் இல்லாத டியூப் பல்பின் வெளிவாயிலுக்கும் போக வேண்டும். மாறினால் பல்பு எத்தனை முறை அழுத்தினாலும் நிறையாது.

ஃப்ளோட் வகையில் கிண்ணத்தின் அடியிலோ ஓரத்திலோ ஒரு வடிகால் போல்ட் இருக்கும், பெரும்பாலும் 10 ஸ்பேனர். அடியில் ஒரு டப்பாவை வைத்து, பெட்ரோல் காக்கைத் திறந்துவிட்டு, போல்ட்டைத் தளர்த்துங்கள். பெட்ரோல் நிற்காமல் ஓடினால் கிண்ணம் வரைக்கும் பாதை சரி, ஜெட்தான் அடைப்பு. கொஞ்சம் வந்து நின்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ஓட்டம் திரும்பினால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு, திரும்பாவிட்டால் மிதவை ஊசி ஒட்டியிருக்கிறது அல்லது காக்குக்கு அடியிலுள்ள வண்டல் கப் நிறைந்திருக்கிறது.

பிடிக்கவில்லை, பிளக் ஈரமாக இருக்கிறது

பெட்ரோல் அதிகம் போய்விட்டது. பிளக்கைக் கழற்றி, சோக்கை (ஸ்டார்ட் செய்யும்போது காற்றைக் குறைக்கும் தகடு) முழுக்கத் திறந்து, ஆக்சிலரேட்டரையும் பிடித்தபடி சில தடவை கயிற்றை இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். பிளக்கைக் காயவைத்து மாட்டி, சோக் இல்லாமலேயே இழுங்கள். பிரஷ் கட்டரில் ஆக்சிலரேட்டர் திறந்த நிலையில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் பிளேடு உடனே சுற்றும். மெஷினைத் தரையில் அழுத்திப் பிடித்து, பிளேடு எதிலும் படாமல் வைத்துச் செய்யுங்கள்.

திரும்பத் திரும்ப ஈரமானால் சோக் தகடு உண்மையிலேயே திறக்கிறதா என்று ஏர் ஃபில்டரை எடுத்துக் கண்ணால் பாருங்கள். சில சமயம் லீவர் அசையும், தகடு அசையாமல் இருக்கும். தகடும் சரியென்றால் ஊசி வால்வு மூடவில்லை.

சோக்கில் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது

இந்தத் தொழிலில் அதிகம் வருவது இதுதான். சோக்கை மூடினால் காற்று குறைகிறது, உறிஞ்சல் கூடுகிறது, அடைத்த துளை வழியாகக்கூடக் கொஞ்சம் பெட்ரோல் வந்துவிடுகிறது. அதில் மட்டும்தான் உயிர் வாழ்கிறது என்றால் சாதாரண நிலையில் பெட்ரோல் போதவில்லை. அதற்கு இரண்டே காரணம்: பெட்ரோல் குறைவாக வருகிறது, அல்லது கணக்கில் இல்லாத காற்று எங்கிருந்தோ நுழைகிறது. எது என்று பிரிக்காமல் கார்புரேட்டரைக் கழற்றினால் பாதி நேரம் வீண்.

முதலில் காற்று. கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் இரண்டு நீள ஸ்க்ரூக்களை இறுக்கிப் பாருங்கள். அதிர்விலேயே ஓடும் பிரஷ் கட்டரில் இவை தளர்ந்துவிடும். பல மெஷின்கள் அந்த ஆலன் கீ திருப்பலிலேயே சரியாகிவிடும். இறுக்கியும் தீரவில்லையென்றால், சோக்கில் ஓடவிட்டுக்கொண்டே கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள கருப்பு இன்சுலேட்டர் கட்டையின் விளிம்பில் டபிள்யூடி-40 ஒரு சொட்டு அளவுக்குத் தெளியுங்கள். சைலன்சர் பக்கம் போகவே கூடாது, தீப்பிடிக்கும். தெளித்த நொடியில் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். பேக்கிங்கை மாற்றுங்கள், பிளாஸ்டிக் கட்டை வளைந்திருந்தால் அதையும். சிலிகான் பசையை அப்பி மூடுவது வேண்டாம். பெட்ரோலில் அது ஊறிப் பிய்ந்து உள்ளே போகும். அதோடு டூ ஸ்ட்ரோக்கில் பம்ப் டயாபிரத்துக்கு அழுத்தம் வரும் சின்னத் துளையும் அந்தப் பேக்கிங் வழியாகத்தான் போகிறது. பேக்கிங்கைத் தலைகீழாக மாட்டினாலே அது மூடிவிடும். பசை என்றால் கேட்கவே வேண்டாம்.

காற்றுக் கசிவு இல்லையென்றால் பெட்ரோல் பாதை. ஃப்ளோட் வகையில் குற்றவாளி பைலட் ஜெட். ஜிஎக்ஸ்160 வகையில் அது கார்புரேட்டரின் மேல்பக்கம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவுக்கு அடியில் பொதிந்திருக்கும் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு. அந்த ஸ்க்ரூவை எடுத்துவிட்டு மெல்ல நெம்பினால் வரும். அதன் துளை கண்ணுக்குத் தெரிவதே சிரமம். வெயிலில் நீட்டி அதன் வழியாகப் பார்த்தால் ஊசிமுனை வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டாலும், வெளிச்சம் பிறை வடிவில் தெரிந்தாலும் அடைப்புதான். மெயின் ஜெட்டை மட்டும் கழுவி, இதைத் தொடாமல் மாட்டிக் கொடுக்கப்பட்ட மெஷின்கள் ஒரு வாரத்தில் அதே புகாரோடு திரும்புகின்றன.

டயாபிரம் வகையில் மீட்டரிங் பக்க மூடியின் நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றித் தகட்டை விரலில் எடுத்துப் பாருங்கள். நல்ல டயாபிரம் கையில் துவளும். எத்தனாலிலும் பழைய பெட்ரோலிலும் ஊறிக் காய்ந்தது வெங்காயச் சருகு மாதிரி மொடமொடக்கும். விரலால் தட்டினால் ஓசை கேட்கும். அப்படி விறைத்த தகடு எஞ்சின் மெதுவாக உறிஞ்சும்போது நெம்புகோலை அழுத்தும் அளவுக்கு வளையாது. சோக் போட்டு உறிஞ்சல் கூடினால் மட்டும் வளையும். அறிகுறிக்கும் காரணத்துக்கும் உள்ள நேர்த் தொடர்பு இதுதான். கழுவிப் பயனில்லை. டயாபிரம் செட் வாங்கி மாற்றுங்கள்.

ஸ்லோவில் ஓடுகிறது, ரேஸ் பண்ணினால் அணைகிறது

இங்கே ஒரு நுணுக்கம் கவனியுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொட்ட மாத்திரத்தில் அமுங்கிப்போகிறதா, அல்லது முழு வேகத்துக்குப் போய் மூன்று நான்கு விநாடி ஓடிவிட்டு மூச்சடைத்து நிற்கிறதா?

தொட்டதும் அமுங்கினால் ஸ்லோ பாதையிலிருந்து மெயின் பாதைக்கு மாறும் இடத்தில் பெட்ரோல் குறைவு. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் திறக்கும் த்ராட்டில் தகட்டுக்கு அருகில் வரிசையாக இருக்கும் நுண்துளைகளில் ஒன்று அடைத்திருக்கலாம். மெதுவான ஓட்டத்துக்கான பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் எல் ஸ்க்ரூ சற்று இறுகியிருக்கலாம். சுத்தம் செய்தபின் அந்த ஸ்க்ரூவை எட்டில் ஒரு பங்கு இடப்பக்கம் திருப்பிப் பார்ப்பது நியாயம்.

ஓடிவிட்டு நின்றால் கார்புரேட்டரில் இருந்த கையிருப்பு தீர்ந்துவிட்டது, பின்னாலிருந்து வருவது போதவில்லை என்று பொருள். டேங்க் ஃபில்டர், உள் வலை, பம்ப் டயாபிரம் என்ற வரிசையில் பாருங்கள். பம்ப் டயாபிரத்தில் வெட்டிவிட்டது போல இரண்டு நாக்குகள் இருக்கும், அவைதான் வால்வு. நுனி சுருண்டோ நிமிர்ந்தோ இருந்தால் பெட்ரோல் முன்னும் பின்னும் ஆடுமே தவிர ஏறாது. உள் வலை அந்தப் பக்கத்து மூடியைத் திறந்ததும் தெரியும், மிளகு அளவு வட்டம். ஊசியால் நெம்பி எடுத்துக் கழுவி மாட்டலாம்.

நம் ஊர் மெஷின்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மீட்டரிங் மூடியின் நடுவில் ஒரு சிறு துளை இருக்கும். டயாபிரத்தின் வெளிப்பக்கம் காற்று பட அது திறந்திருக்க வேண்டும். கொட்டகையில் மாதக்கணக்கில் கிடக்கும் மெஷினில் அந்தத் துளையைக் குளவி மண்ணால் அடைத்துவிடும்; இல்லாவிட்டால் ஆயிலும் புல் தூசியும் சேர்ந்து பூசிவிடும். துளை மூடினால் டயாபிரம் அசைய முடியாது. உள்ளே எல்லாம் புதிதாக மாற்றியும் மெஷின் ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் முன் மூடியைத் துடைத்துப் பாருங்கள்.

சத்தம் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது

பவர் வீடர், பம்ப் போன்ற, வேகத்தைத் தானாகச் சமன் செய்யும் கவர்னர் வைத்த எஞ்சின்களின் கோளாறு. பெட்ரோல் போதாமல் வேகம் இறங்குகிறது, கவர்னர் த்ராட்டிலைத் திறக்கிறது, வேகம் எகிறுகிறது, கவர்னர் மூடுகிறது. பலர் கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். தவறு, ஆபத்தும்கூட. எஞ்சின் தாங்கும் வேகத்தைத் தாண்டும். ஓடும்போது சோக்கை மெல்லக் கால்வாசி மூடிப் பாருங்கள். சத்தம் சமமானால் பெட்ரோல் குறைவு உறுதி. பைலட் ஜெட், மெயின் ஜெட், அதற்கு மேலே நிற்கும் பக்கவாட்டுத் துளைகள் உள்ள குழாய் மூன்றையும் சுத்தம் செய்யுங்கள். அந்தக் குழாய் மெயின் ஜெட்டைக் கழற்றியதும் தட்டினால் விழும். அதை எடுக்காமல் செய்யும் சுத்தம் பாதிச் சுத்தம்.

பத்து நிமிடம் ஓடுகிறது, பிறகு நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது

நின்ற உடனே, சூடு ஆறும் முன்னே, டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். உஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, உடனே மெஷின் பிடித்தால் மூடியின் காற்று வால்வு அடைப்பு. கழுவினால் தீரும். மூடியைத் திறந்தும் பிடிக்கவில்லையென்றால் அந்தச் சூட்டிலேயே பொறியைப் பாருங்கள். பொறி இல்லையா? பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் சூட்டில் மடிகிறது, கார்புரேட்டரை விட்டுவிடுங்கள்.

பெட்ரோல் ஒழுகுகிறது

ஃப்ளோட் வகையில் மிதவை ஊசியில் தூசி சிக்கியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் கிண்ணத்தை மெல்லத் தட்டினால் சில சமயம் நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் கிண்ணத்தைத் திறந்து ஊசியின் ரப்பர் நுனியைப் பாருங்கள். வட்டமாகத் தேய்ந்த கோடு தெரிந்தால் மாற்ற வேண்டும். மிதவையைக் குலுக்கி உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஜிஎக்ஸ்160-க்கு மிதவை உயரம் 13.7 மி.மீ.

ஒழுகிய மெஷினை ஓட்டும் முன் எஞ்சின் ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ பெட்ரோல் கிராங்க் கேஸில் இறங்கிவிட்டது. ஆயிலை முழுக்க மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. நீர்த்த ஆயிலில் ஓடினால் கனெக்டிங் ராடு போகும். வேலை முடிந்ததும் பெட்ரோல் காக்கை மூடும் பழக்கம் இருந்தால் இந்த நிலை வராது.

ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் பிளேடு சுற்றுகிறது

ஸ்லோ ஸ்க்ரூவை, அதாவது ஆக்சிலரேட்டரை விட்டபின் எஞ்சின் ஓடும் வேகத்தை (ஐடிலிங்) வைக்கும் ஸ்க்ரூவை, சற்றுக் குறையுங்கள். ஐடிலிங் சரியாக இருந்தும் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. ஸ்க்ரூவுக்குக் கட்டுப்படாமல் மெஷின் தானாகவே வேகம் எடுத்துக் கத்தினால் உடனே அணைத்துவிடுங்கள். அது காற்றுக் கசிவு, கிராங்க் சீல் போயிருக்கவும் வாய்ப்புண்டு. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்து பிஸ்டன் ஜாம் ஆகும்.

கருப்புப் புகை, இழுவை இல்லை

ஏர் ஃபில்டர், பாதி மூடிய சோக், மூடாத ஊசி, இந்த மூன்றுதான். டூ ஸ்ட்ரோக்கில் வெளிர்நீலப் புகை அதிகமென்றால் ஆயில் கூடுதல்.

கழற்றிச் சுத்தம் செய்வது

ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் போனில் படம் எடுங்கள். டயாபிரமும் பேக்கிங்கும் வரிசை மாறினால் ஓடாது. மீட்டரிங் பக்கம் உடலோடு ஒட்டி முதலில் பேக்கிங், அதன்மேல் டயாபிரம். பம்ப் பக்கம் பெரும்பாலான கார்புரேட்டர்களில் இதற்கு நேர்மாறு. எல் ஸ்க்ரூவையும், முழு வேகத்துக்கான பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் எச் ஸ்க்ரூவையும் எடுப்பதாக இருந்தால் முதலில் வலப்பக்கமாக மெல்ல உட்காரும் வரை திருப்பி, எத்தனை சுற்று ஆனது என்று எழுதிக்கொள்ளுங்கள். அழுத்தி இறுக்கினால் ஊசிமுனையும் அதன் இருக்கையும் சேர்ந்து கெடும்.

ரப்பர் பாகங்களையெல்லாம் வெளியே எடுத்தபின்தான் கார்ப் கிளீனர் அடிக்க வேண்டும். ரப்பரில் பட்டால் உப்பிவிடும். கண்ணுக்குப் பாதுகாப்பாகக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு துளையில் அடித்தால் இன்னொன்றில் திரவம் பீச்சும், அது நேராக முகத்துக்குத்தான் வரும். ஒவ்வொரு துளையிலும் அடித்து, எது எங்கே வெளிவருகிறது என்று பாருங்கள். வராத துளைதான் நீங்கள் தேடியது. ஜெட்டைக் குத்த எஃகு கம்பியோ ஊசியோ வேண்டாம். பித்தளைத் துளை அகன்றுவிட்டால் பெட்ரோல் கணக்கு நிரந்தரமாக மாறிவிடும். மின் வயரின் உள்ளே இருக்கும் செம்பு இழைகளில் ஒன்றே ஒன்று போதும். பிடிவாதமான அடைப்பு என்றால் இரவு முழுக்கப் புதுப் பெட்ரோலில் ஊறவையுங்கள். மீட்டரிங் நெம்புகோலை வளைக்காதீர்கள். அதன் உயரம் மாடலுக்கு மாடல் மாறும்.

ஊசி வால்வு சரியாக மூடுகிறதா என்று பார்க்க வீட்டில் இருக்கும் பழைய பி.பி. கருவி போதும். அதன் பல்பும் மீட்டரும் சேர்ந்த டியூப்பைக் கார்புரேட்டரின் பெட்ரோல் வாயிலில் மாட்டி 200 வரை ஏற்றுங்கள். முள் அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் முக்கிப் பிடித்தால் குமிழி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

இப்போது ஸ்க்ரூ

எல்லாம் சுத்தமாக, கசிவில்லாமல் இருக்கும்போதுதான் இதற்கு அர்த்தம். எழுதிவைத்த சுற்றுகளுக்கே திருப்பி வையுங்கள். குறிப்பு இல்லையென்றால் உட்கார்ந்த நிலையிலிருந்து இரண்டையும் ஒவ்வொரு சுற்று வெளியே எடுத்துத் தொடங்கலாம். மெஷினை நன்றாகச் சூடேற்றி, எல் ஸ்க்ரூவை மெல்ல இருபுறமும் திருப்பி ஐடிலிங் அதிகமாக இருக்கும் இடத்தைப் பிடியுங்கள். அங்கிருந்து எட்டில் ஒரு பங்கு இடப்பக்கம். பிறகு ஸ்லோ ஸ்க்ரூவால் பிளேடு நிற்கும் அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள். எச் ஸ்க்ரூவில், சுமையில்லாமல் முழு வேகத்தில் சத்தம் சற்றுக் கரகரப்பாக இருந்து, புல்லில் வைத்ததும் தெளிவாக வேண்டும். கீச்சென்று கூர்மையாகக் கத்தினால் பெட்ரோல் குறைவு, உடனே இடப்பக்கம் திருப்புங்கள். ஜிஎக்ஸ்35 போன்ற சில மாடல்களில் இந்த இரண்டு ஸ்க்ரூவும் இருக்காது. மேலே மூடியிட்டு மறைத்திருக்கும் ஊசி கம்பெனியில் வைத்தது, அதைத் தொட வேண்டாம்.

ஒருமுறை முழுமையாகச் சுத்தம் செய்து, டயாபிரம் மாற்றி, கசிவும் இல்லையென்று பார்த்தபின்னும் சரியாகாவிட்டால் சீனத் தயாரிப்பு 52 சிசி மெஷின்களுக்குப் புது கார்புரேட்டரே மேல்; சில நூறு ரூபாயில் முடியும். விலை கூடிய செயின் சாக்களில் அப்படி அவசரப்படாதீர்கள், ஒரிஜினல் டயாபிரம் செட்டை மாற்றினாலே அவை ஓடும்.

சீசன் முடிந்து மெஷினை எடுத்துவைக்கும்போது டேங்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓட்டி, டயாபிரம் வகையில் ரப்பர் பல்பை அழுத்தி மிச்சத்தையும் வெளியேற்றுங்கள். ஃப்ளோட் வகையில் கிண்ணத்தின் வடிகால் போல்ட்டைத் திறந்து வடித்துவிட்டு மூடுங்கள். ஏர் ஃபில்டரை மாட்டியபடியே, சைலன்சர் ஆறியபின் அதன் வாயையும் டேங்க் மூடியையும் ஒரு துணியால் சுற்றிக் கட்டிவிடுங்கள். குளவி கூடு கட்ட இடம் இருக்காது. அடுத்த முறை எடுக்கும்போது துணியை அவிழ்த்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும்.